உச்சி தொட்டவர்கள்

“எனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் உச்சி வரைக்கும் ஏறிட்டாங்களாமே, அத்தை?”

“ஏறினாங்க.”

“அப்புறம் ஏன் வேண்டாம்னு சொல்லிட்டீங்க?”

பதினோரு மணிக்கு இந்த இடம் தண்ணீருக்குள் போய்விடும், கதை பேச நேரமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, அத்தை இடுப்பு பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

அவர்கள் நின்றிருந்தது ஒரு கட்டில் அகலப் பாறை. மூன்று பக்கமும் கடல். நான்காவது பக்கம் சுவர் மாதிரி எழுபது அடிக் குன்று. மேலிருந்து கயிற்றில் இறக்கிவிட்டாயிற்று. வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் இனி ஏறித்தான் போக வேண்டும். உச்சியில் அத்தையின் மகள், அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண், நின்றிருந்தாள். கீழிருந்து பார்க்க அவளுடைய மஞ்சள் ஹெல்மெட் மட்டும்தான் தெரிந்தது.

அம்மாவும் பெண்ணுமாக இந்தக் கடலோரக் குன்றுகளில் பாறை ஏறப் பழக்கிவிடுகிறவர்கள். வாரத்தில் ஐந்து நாள் கயிற்றில்தான் தொங்குவார்கள். பெண் கேட்டு வருகிறவன் யாராக இருந்தாலும் ஒருமுறை இந்தக் குன்றுக்கு வர வேண்டும் என்பது அத்தையின் நிபந்தனை. முதலில் வந்தவன் அரை மணியில் ஏறினான். இரண்டாவது ஆள் பந்தயங்களில் மெடல் வாங்கியவன், பத்தே நிமிடம். இரண்டு பேருக்கும் அன்று சாயங்காலமே ‘சரிவராது’ என்று பதில் போய்விட்டது. ஏன் என்று பெற்ற பெண்ணுக்கே தெரியாது.

மூன்றாவதாக வந்திருப்பவனுக்கோ பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த இருவரும் எதில் கோட்டை விட்டார்கள் என்பதுதான் ஒரு வாரமாக அவன் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும் அவனுக்கு. இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

பெண் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். “அம்மா என்ன சொன்னாலும் தலையாட்டுங்க. உங்க ஆபீஸ் புத்தியை மட்டும் அங்க காட்டிடாதீங்க. முப்பது வருஷமா ஏறறவங்ககிட்ட தப்புக் கண்டுபிடிச்சீங்கன்னா, நம்ம கல்யாணத்தை மறந்துட வேண்டியதுதான்.”

இறங்கிய கயிறுகளை அவிழ்த்துவிட்டு, ஏறும் கயிறுகளைக் கட்டிக்கொண்டார்கள். நாற்காலிக் காலில் கட்டிக் கட்டிப் பழகிய முடிச்சை அவன் ஒழுங்காகப் போட்டான். முதலில் எட்டு என்ற எண் வடிவில் ஒரு முடிச்சு. பிறகு கயிற்றின் நுனி பெல்ட்டுக்குள் நுழைந்து, வந்த வழியே அந்த எட்டைச் சுற்றித் திரும்ப வேண்டும். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் கண் அத்தையின் இடுப்புக்குப் போனது.

சட்டென்று கடலைப் பார்த்தான். ஒரு கடற்பறவையைப் பார்த்தான். மறுபடியும் அங்கேயேதான் வந்து நின்றது கண். தலையாட்டினால் போதும் என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் பத்து வருடப் பழக்கம் வாயைச் சும்மா இருக்க விடவில்லை.

“அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க.”

“என்ன?”

“என் முடிச்சுல நுனி முழுசாத் திரும்பி வந்திருக்கு. உங்களுதுல பாதியிலயே நிக்குது. பழகினவங்க அப்படித்தான் போடுவீங்களா?”

அத்தை குனிந்து பார்த்தார். முகம் இறுகிப்போயிற்று. நுனியைச் செருகி, இழுத்து, முடிச்சை முடித்தார்.

“ஆச்சா?” என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான் என்று நினைத்துக்கொண்டான்.

அத்தை மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறிப் போனார். அடுத்து அவன். பதினைந்து அடி வரை எப்படியோ போய்விட்டான். அங்கே ஒருமுறை கீழே குனிந்து பார்த்துவிட்டான். பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவன்தான், மேலே இருந்து எத்தனை குரல் கொடுத்தும் திறக்கவில்லை. கீழே அலை வந்து, அவன் நின்றிருந்த பாறையை நனைத்தது. கடைசியில் மேலே இருவரும் கப்பி மாட்டி, கிணற்று வாளியை இழுப்பது போல அவனை இழுத்துப் போட்டார்கள்.

புல்லில் மல்லாந்து கிடந்தான். பெண் கலங்கிய கண்களோடு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“சரிவராதுன்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், அத்தை. எனக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது. ஆனா அவங்க ரெண்டு பேரையும் ஏன் வேண்டாம்னீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க.”

அத்தை பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

“காலைத் தரையிலேர்ந்து எடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் முடிச்சை இன்னொருத்தர் பார்க்கணும். இங்க அதுதான் முதல் சட்டம். அவங்களுக்கு அது நல்லாவே தெரியும். ஆனா இவ்வளவு பழகினவங்க முடிச்சை நாம போய் பார்க்கறதான்னு விட்டுட்டாங்க. கடைசியில நானேதான் அதை முடிச்சுக்கிட்டு ஏறினேன்.”

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

“தினமும் கயித்துல தொங்கற பொண்ணு என் பொண்ணு,” என்றார் அத்தை. “மூணு பேர் முன்னாடியும் நான் அதே பாதி முடிச்சோடதான் நின்னேன், மாப்பிள்ளை.”