மனைவி – 5

ஐந்தாவது தலையின் முன் அவள் நின்றுவிட்டாள்.

காது அவளுடையது இல்லை.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

வெண்கலத் தலை. இடது காது. மடல் கன்னத்தோடு ஒட்டிப் பிறந்த காது.

அவளுடையது தொங்கு காது.

கீழே அட்டையில் அச்சடித்திருந்தது: ‘மனைவி – 5. 1983.’

அருங்காட்சியகத்தின் பெரிய கூடம் முழுக்க அவள் புருஷன் வேலைதான். சிற்பி திருவேங்கடம், ஐம்பது ஆண்டுகள். ஆள் போய் ஒரு வருஷம் ஆகிறது. பதினோரு மணிக்கு அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுகிறார். அதற்கு முன்னால் வீட்டுக்காரம்மா ஒரு சுற்றுப் பார்த்துவிடட்டும் என்று உள்ளே விட்டிருந்தார்கள்.

நடுவில் ஒன்பது தலைகள், வரிசையாக.

ஒன்றிலும் முகம் கிடையாது. உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருக்கும். அதைப் பற்றி டில்லிக்காரர்கள் புத்தகமே போட்டார்கள். மௌனம் என்றார்கள். பெண்ணின் பேசாத துயரம் என்றார்கள்.

அவருக்கு முகம் வராது. அவ்வளவுதான் விஷயம்.

காதும் வராது. ஆனால் காதை விட மனசில்லை. அதனால் ஆளைப் படுக்க வைத்து, காதுத் துளையில் பஞ்சு அடைத்து, வாஸ்லைன் தடவி, பிளாஸ்டர் மாவைக் குழைத்து அப்பி அச்சு எடுத்துவிடுவார். மாவு முதலில் சில்லென்று இருக்கும். இறுக இறுகச் சுடும். அசையாதே, அசையாதே என்று நெற்றியைத் தடவிக்கொண்டே இருப்பார்.

கிட்டத்தட்ட ஐம்பது வருஷக் குடித்தனத்தில், அவள் தலையை அவர் மடியில் வைத்துக்கொண்டது அந்த நாலு தடவைதான்.

அப்புறம் பட்டறைக்கு வரவேண்டாம் என்றார். தூசி. உனக்கு இழுப்பு வந்துவிடும்.

அப்போ அச்சு?

பழைய அச்சு இருக்கிறதே, உன் காது எங்கே ஓடிவிடப் போகிறது என்று சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அதற்குப் பின் வார்த்த தலைகள் பட்டறையிலிருந்து நேராகப் பரோடாவுக்கும் டில்லிக்கும் போயின. இன்றைக்குத்தான் ஒன்பதும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

அவர் எதற்கும் தலைப்பு வைத்ததில்லை. கண்காட்சிப் பொறுப்பில் இருந்த தாரிணி, இந்தத் தலையெல்லாம் யார் என்று போனில் கேட்டாள். இவள்தான் சொன்னாள்.

“வேற யாரு? எல்லாம் நான்தான்.”

நகைக்கடை வீட்டுப் பெண். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் தலையாட்டியது ஆயுசில் அந்த ஒரே தடவை.

மதுரை தெற்காவணி மூல வீதியில் கடை. கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் வளர்ந்தவள். வந்தவர் முகம் மறந்துபோகும், காது மறக்காது. தொங்கு காது வந்தால் ஜிமிக்கித் தட்டு இறங்கும். ஒட்டுக் காது வந்தால் சின்னத் தோடு.

ஆறாவது தலைக்கு நகர்ந்தாள். அதே ஒட்டுக் காது.

ஏழு.

எட்டு. துளை கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஒன்பது. 2005. மடல் வற்றி, குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது.

ஏதோ ஒரு வருஷம், எவளோ ஒருத்தி என்றால் சேதாரம் என்று தள்ளியிருப்பாள்.

இருபத்திரண்டு வருஷம். ஒரே காது. கூடவே இருந்து கிழடாகியிருக்கிறது.

ஐந்து தடவை மடி. இவளைவிட ஒன்று அதிகம்.

தம்பி சொக்கலிங்கம் பக்கத்தில் வந்து நின்றான். கடையை இப்போது நடத்துகிறவன். ஒன்பதாவதைப் பார்த்தான். போய் நாலாவதைப் பார்த்துவிட்டு வந்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

“விடுக்கா,” என்றான். “ஊர் உலகத்துக்கு ஒம்பதும் நீதான். மாமாவும் போயாச்சு. அவ எவளோ, எங்கயோ. இங்க வந்து நின்னு, இது என் காதுன்னா கேக்கப்போறா? நீ பேசாம இருந்தா ஒனக்கு என்ன நஷ்டம்?”

நியாயமான பேச்சு. அப்பா இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

தாரிணி அரக்கப்பரக்க ஓடி வந்தாள்.

“அம்மா, அமைச்சர் கார் கிளம்பிடுச்சாம். லேபிள்ல ஏதாவது தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க, பத்து நிமிஷத்துல மாத்திடலாம். நீங்க சரின்னா சரி.”

சொக்கலிங்கம் அக்காவின் முழங்கையை விரலால் லேசாக அழுத்தினான். வாங்க வந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கடைக்காரர்கள் தங்களுக்குள் அழுத்திக்கொள்கிற அழுத்தம்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு முதல் தலைக்குத் திரும்பி நடந்தாள். ‘மனைவி – 1. 1974.’ தோடு இழுத்து இழுத்து நீண்டுபோன துளை. இருபத்து மூன்று வயசுக் காது.

தொடப் போனாள். தொடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள்.

“இந்த நாலையும் மாத்தணும்மா.”

“எந்த நாலு?”

“மொத நாலு. பேர் தெரியாத பெண்ணுன்னு போடு.”

எழுதப் போன தாரிணி நிமிர்ந்தாள். “அப்போ மீதி அஞ்சு?”

“அதுல தப்பு ஒண்ணும் இல்ல.”