பதினேழாம் எண் கணினி

"உயிர் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

சூப்பர்வைசர் வாசலிலேயே நின்று கேட்டார். ஆபரேட்டர் தரையில் மண்டியிட்டு, விலாப்பக்கம் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"இழுத்துக்கிட்டு இருக்கு சார். ஆனா மூச்சு வருது."

மேசைக்கடியில் இழுத்துக்கொண்டிருந்தது பதினேழாம் எண் கணினி. குடிநீர் அலுவலகத்தின் மூன்றாம் மாடிக் கடைசி அறையில் அதற்கு இது பதினான்காவது வருடம். பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினால் பத்தே முக்காலுக்குத் திரை வெளுக்கும். அதற்குள் ஆபரேட்டர் டீ குடித்து, தம்ளரைக் கழுவி, துடைத்துக் கவிழ்த்தும் விடுவார்.

ஒரு காலத்தில் ஊருக்கே ரசீது அடித்த கணினி. இப்போது மக்கள் எல்லாவற்றையும் போனிலேயே முடித்துக்கொள்வதால், விழிப்பதும் அணைவதும்தான் அதன் வேலை. விழிக்க வைப்பதும் அணைப்பதும் ஆபரேட்டரின் வேலை.

அன்று திங்கட்கிழமை காலை, தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. பத்து வயது தாண்டிய கணினிகளை வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது உபயோகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் கழிவுப் பட்டியல்.

அந்த அலுவலகத்தில் பணியிடங்கள் ஆளுக்காக ஏற்படுவதில்லை, இயந்திரத்துக்காக ஏற்படும். ஆபரேட்டரின் நியமன உத்தரவிலேயே ‘பதினேழாம் எண் கணினியை இயக்க’ என்றுதான் போட்டிருந்தது. அது கழிவுக்குப் போனால், ஐம்பத்தொரு வயதில் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டிலோ, அலுவலகமே தன் தலையில்தான் ஓடுகிறது என்று மனைவியையும் மகளையும் இத்தனை வருடமாக நம்ப வைத்திருந்தார்.

சூப்பர்வைசர் இரண்டாம் மாடிக்காரர். கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி, மேசை மணி சகிதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆட்களைக் கட்டி மேய்ப்பதற்குள் தாவு தீர்ந்துபோகிறது என்று மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் அலுத்துக்கொள்வார். ஆபரேட்டர் லீவு போடும் நாளில் அவரும் லீவு போட்டுவிடுவார். திட்ட ஆள் இல்லாவிட்டால் மனுஷனுக்குப் பொழுது போகாது என்று சொல்லி ஆபரேட்டர் வீட்டில் சிரிப்பதுண்டு.

"ரிப்போர்ட் நான்தான் எழுதணும். உபயோகத்தைக் காட்டுங்க," என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் இறங்கிப் போனார்.

மதியமே ஆபரேட்டர் களத்தில் குதித்தார். கணினியைக் கீழ்த்தள ஒலிபெருக்கியோடு இணைத்து, டோக்கன் எண்களைக் கூப்பிட வைத்தார். அது நாற்பத்தொன்றைக் கூப்பிட்டபோது, நாற்பத்தொன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாயன்று வரவேற்பறையில் வைத்து அதிகாரிகளின் புகைப்படங்களை ஓடவிட்டார். திரையில் சிவப்பு நிறம் எப்போதோ செத்துப்போயிருந்ததால், இயக்குநர் பாசி பிடித்துப்போய்க் காட்சியளித்தார். அரை மணி நேரத்தில் திரைக்குத் துணி போட்டு மூடினார்கள்.

புதன்கிழமை உணவுக்கூடத்தில் பாட்டு. காதல் பாட்டெல்லாம் அது இழுத்த இழுப்பில் ஒப்பாரியாக வந்தன. பாதிச் சாப்பாட்டில் இருந்த இருவர், யாருக்கு என்று தெரியாமலே எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

ஒவ்வொரு மாலையும் சூப்பர்வைசர் மூச்சிரைக்க மூன்றாம் மாடி ஏறி வந்தார். கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு உபயோகமாய்யா? உருப்படியா ஏதாவது யோசிங்க."

ஈவிரக்கமில்லாத ஜென்மம் என்று ஆபரேட்டர் அன்று வீட்டில் பெயர் சூட்டினார்.

வியாழக்கிழமை விடியும்போதே மழை. கணக்குப் பிரிவு அம்மாள் இடம் இல்லாமல் தன் நனைந்த குடையைக் கணினியின் முதுகுப்பக்கம் விரித்து வைத்தார். அங்கே அடித்த அனல் காற்றில் பத்தே நிமிடத்தில் குடை மொரமொரவென்று காய்ந்துவிட்டது.

விஷயம் மாடிக்கு மாடி பரவியது. குடை, கைக்குட்டை, சாக்ஸ் என்று பதினொரு மணிக்கெல்லாம் வரிசை படிக்கட்டு வரை வந்துவிட்டது. ஆவணப் பிரிவிலிருந்து ஒருவர், ஒழுகிய கூரைக்குக் கீழே ஊறிய ஃபைல் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல ஏந்திக்கொண்டு வந்தார். ஆபரேட்டர் டோக்கன் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினான்கு வருடத்தில் கணினி இவ்வளவு மரியாதையாக நடத்தப்பட்டதே இல்லை.

வரிசையில் சூப்பர்வைசரும் நின்றார், வெறுங்காலோடு, கையில் சாக்ஸோடு. நெற்றிச் சுருக்கம் மட்டும் அப்படியே இருந்தது. தன் முறை வந்ததும் சாக்ஸைத் தொங்கவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபரேட்டர் இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டாம் மாடிக்குப் போனார். குளியலறையில் ஒத்திகை பார்த்த மன்றாடல் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே மறந்துபோயிற்று. சூப்பர்வைசர் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

‘மேற்படி கணினி, நனைந்த ஆவணங்களை உலர்த்தி மீட்கும் அரும்பணியில் இவ்வலுவலகத்துக்கு இன்றியமையாததாகும். அதை அதன் ஆபரேட்டரோடு மேலும் பத்தாண்டுகளுக்குத் தக்கவைத்துக்கொள்ளப் பலமாகப் பரிந்துரைக்கிறேன்.’

ஆபரேட்டர் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து கலங்கியது.

"எனக்காக இவ்வளவு தூரம் எழுதியிருக்கீங்க சார். உங்களைப் போய் நான் வீட்டுல என்னென்னவோ..."

சூப்பர்வைசர் எழுந்துபோய் வராந்தாவை இருபுறமும் எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். ஆபரேட்டரின் தோளை அழுத்தித் தன் சுழல் நாற்காலியிலேயே உட்கார வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குக் கீழ இருக்கிறதே நீங்க ஒருத்தர்தான்யா."