மச்சான் எழுதிய புகார்

"உன் சொந்த மச்சானே எழுதிக் கொடுத்திருக்கான்யா. படிச்சுப் பாரு!"

மானேஜர் நீட்டிய தாளை வெல்டர் வாங்கிப் பார்த்தான். ஸ்டோர் ரூமில் வேலை பார்க்கும் மச்சான்தான். பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். தங்கச்சி வீட்டுக்கு வந்தால் கை நனைக்காமல் போகாத மனுஷன்!

'முட்டி வலி என்று நடிக்கிறார். காலையில் ஏணி ஏறுகிறார். மதியம் கால் மடங்கவில்லை என்று உட்கார்ந்துவிடுகிறார். விசாரிக்கவும்.'

"நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன். பொய்னு தெரிஞ்சா வேலை போயிடும்" என்றார் மானேஜர்.

வீட்டில் கேட்டதும் மனைவி கொதித்தாள்.

"கூடப்பிறந்ததே குழி பறிச்சா யார்கிட்ட போய் அழறது?"

"ஏற்கெனவே எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஸ்கேன்லயும் இல்லைன்னா நான் நடிகன்தான்டி."

மறுநாள் ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூட்டுக்குள்ள கட்டி இருக்கும்மா."

"புற்றா டாக்டர்?" என்றாள் கூட வந்திருந்த மனைவி. வெல்டர் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"பதறாதீங்க. எடுத்துச் சோதிச்சுப் பாத்துடலாம்."

எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

"புற்று இல்லை" என்றார் டாக்டர். "ரொம்ப அபூர்வமா வர்ற கட்டி. என் சர்வீஸ்ல இது ரெண்டாவது. வெறும் சதைங்கிறதால எக்ஸ்ரேல தெரியல. மூட்டுக்கு நடுவுல சிக்கினா கால் பூட்டிக்கும், நகர்ந்துட்டா சரியாயிடும். பாக்கறவங்களுக்கு நடிப்பாதான் தோணும். இன்னும் விட்டிருந்தா மூட்டையே அரிச்சிருக்கும்."

அவள் நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனாள்.

"நடிப்புன்னு எழுதினியே, நெல்லிக்காய் அளவு கட்டி எடுத்திருக்காங்க! நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

அண்ணன் எழுந்து நின்றான். முகம் வெளிறிக் கிடந்தது.

"புற்று இல்லையே?"

"இல்ல. உனக்கென்ன அதப் பத்தி?"

அவன் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தான். கண்ணில் பொலபொலவென்று நீர்.

"மாப்பிள்ளைக்கு வலி தாங்கலைன்னு ஆபீஸ்ல நாலு தடவை எழுதிக் கொடுத்தேம்மா. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னு நாலு தடவையும் தைலம்தான் கொடுத்தாங்க. நடிக்கிறார்னு ஒரே ஒரு தடவை எழுதினேன். மறுநாளே ஸ்கேன்!"