வேகத்தடை

“ஜீப்பு வருதுடோய்!”

கத்திக்கொண்டே பிள்ளைகள் சாலையோர மேட்டில் ஏறி ஓடினார்கள். ஒருத்தி இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

“பாத்தீங்களா சார், நம்ம திட்டம்னா என்ன ஒரு ஆர்வம்!” பின் சீட்டில் தொண்டு நிறுவனத்து அனுராதா பூரித்துப் போனாள். “வாராவாரம் விடாம வந்து மீட்டிங் போட்டதுக்குப் பலன்.”

முன் சீட்டில் இருந்த ஜீவானந்தம், நிதி கொடுக்கும் அறக்கட்டளையின் அதிகாரி. கம்பியைப் பிடித்த கையை விடாமல் தலையை மட்டும் ஆட்டினார். டிரைவர் செல்வம் கடைசி வளைவையும் ஒரே ஒடிப்பில் ஒடித்துப் பள்ளிக்கூடத்தின் முன்னால் நிறுத்தியபோது, புழுதியில் பள்ளிக்கூடம் தெரியவில்லை.

ஆலத்தூர் நாடு என்ற மலைப்பகுதியின் கோடியில் இருந்த அந்தச் சிற்றூருக்குப் பஸ்ஸோ லாரியோ கிடையாது. மிளகு மூட்டையானாலும் பிரசவக்காரியானாலும் ஆள் சுமந்துதான் மலைப்பாதையில் இறங்க வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில் பிள்ளைகளுக்கு அடிபடாமல் காப்பாற்ற ஒரு திட்டம் வைத்திருந்தாள் அனுராதா. இன்றைக்கு ஜீவானந்தம் தலையசைத்தால் திட்டம் உண்டு. இல்லாவிட்டால் அவளுடைய வேலையே சந்தேகம்.

வராந்தாவில் ஊர் கூடியது. அனுராதா முதல் படத்தை விரித்தாள்: மூடாத கிணறு.

“கெணத்துக்கு நாங்களே கம்பி வலை போட்டுட்டமுங்க” என்றாள் குப்பாயி.

அடுத்த படம், தரையில் எரியும் அடுப்பு.

“அடுப்பெல்லாம் மேடை மேலதானுங்க இருக்குது.”

மூன்றாவதுதான் அனுராதாவின் செல்லத் திட்டம். மரமேறும் பிள்ளைகள் விழுந்தால் தாங்கிப் பிடிக்க, ஒவ்வொரு பலாமரத்தின் கீழும் வலை.

வார்டு மெம்பர் பழனிமுத்து மிகுந்த மரியாதையோடு எழுந்தார். “வலை கட்டுனா பலாப்பழந்தானுங்க உழுகும். புள்ளைங்க உழுகாதுங்க.”

வராந்தாவே சிரித்தது. ஜீவானந்தம் கொட்டாவியை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. வேறு ஏதாவது கிடைக்காதா என்று அனுராதா கூட்டத்தைக் கண்ணால் துழாவினாள்.

அப்போதுதான் அவள் கண்ணில் பட்டாள், கையில் மாவுக்கட்டோடு தூணோரம் நின்ற இளமதி.

“கண்ணு, கை எப்படி ஒடஞ்சுது?”

இளமதி தன் அம்மா சென்னம்மாளைப் பார்த்தாள். சென்னம்மாள் தரையைப் பார்த்தாள்.

“வளைவுல வண்டி வேகமா வந்துச்சுங்க. பயந்து பள்ளத்துல குதிச்சுட்டனுங்க.”

“நானும் அங்கதானுங்க!” ஒருவன் கால்சட்டையைத் தூக்கி முழங்கால் தழும்பைக் காட்டினான். இன்னொருத்தி வாயைத் திறந்து, முன்பல் இருந்த இடத்தைக் காட்டினாள். அதுவும் அதே வளைவுதான்.

ஒடிந்த கையையும் உடைந்த பல்லையும் பார்த்து ஒரு மனுஷி அவ்வளவு சந்தோஷப்பட்டு அந்த ஊர் பார்த்ததில்லை. அனுராதா படங்களைச் சுருட்டி மூலையில் எறிந்தாள்.

“சார்! வளைவுக்கு முன்னாடி ஒரு வேகத்தடை, பின்னாடி ஒண்ணு. எதிர்ல வர்றது தெரியறதுக்குப் பெரிய கண்ணாடி. பள்ளத்தோரம் தடுப்புச் சுவர்!”

ஜீவானந்தம் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதும்மா திட்டம்! மொத்த நிதியும் இதுக்கே தரலாம்.”

அனுராதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நிதி கிடைத்த தெம்பில் ஆவேசமும் வந்தது. ஊர்ப் பக்கம் திரும்பினாள்.

“இத்தனை நாளா ஏன் ஒருத்தரும் வாயத் தெறக்கல? பச்சப் புள்ளைங்க நடக்கிற பாதையில கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுறவங்கள, வண்டிய மறிச்சு நாலு வார்த்தை கேக்க வேண்டாமா? உங்களுக்கெல்லாம் ரோஷமே கெடையாதா?”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பழனிமுத்து தலையைச் சொறிந்தார். “கேட்டா மனசு நோகுமேன்னுதானுங்க…”

“யாரு மனசு நொந்தா உங்களுக்கென்ன?” என்று சீறினாள் அனுராதா.

“விடும்மா” என்று ஜீவானந்தம் அவளை அமர்த்தினார். சென்னம்மாளிடம் கனிவாகக் கேட்டார். “அடிபட்டது உங்க பொண்ணு. நீங்களே சொல்லுங்க, முதல்ல உங்களுக்கு என்ன செஞ்சு தரணும்?”

சென்னம்மாள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பணிவாகச் சொன்னாள்.

“ஒண்ணும் வேண்டாமுங்க, அடுத்த மீட்டிங்குக்கு இந்த அம்மிணிய நடந்து வரச் சொல்லுங்க, போதும்.”