மாடில்லாத ஊர்

"தாலிக்கொடியுமா கழட்டோணும்?" என்று கேட்டாள் நாச்சம்மாள்.

"மஞ்சக் கவுத்துல கோத்துக் கட்டிக்க. கொடி பொட்டிக்குள்ள போகட்டும்" என்றார் அவள் புருஷன் பொங்கியண்ணன். கம்மலும் மூக்குத்தியும் ஏற்கெனவே அரிசிப் பானைக்குள் போயிருந்தன. நாச்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடன்காரன் யாரும் வரவில்லை. வரப்போவது ஒரு வெள்ளைக்காரர். அவர் வந்து போகிற வரைக்கும் எங்கள் ஊர் ஒன்றுமில்லாத ஊராக இருக்க வேண்டும் என்பது பஞ்சாயத்து மெம்பர் பொங்கியண்ணனின் உத்தரவு.

ஆனைகட்டிக்கு மேற்கே, மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் ஊர். எழுபதுகளின் நடுவில், மழை ஏமாற்றிய ஒரு கோடை அது. கிணறெல்லாம் வற்றி, பெண்கள் ஆற்று மணலைத் தோண்டிக் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு சங்கம் பணம் அனுப்பி, மலையோர ஊர் ஒன்றுக்கு ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தரப்போகிறது என்று தெரிந்ததும் நாங்கள் பரபரப்பானோம்.

பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார்களாம். அங்கே எருமை கட்டியிருந்ததுதான் காரணம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் சொல்லிவிட்டால் எங்களுக்கு அது ஹைகோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி.

விடிவதற்குள் ஆறுச்சாமி ஊர் மாடுகளையெல்லாம் மலைக்கு அந்தப்பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். என்னதான் ஏழையானாலும் விருந்தாளிக்கு மரியாதை குறையக் கூடாது அல்லவா? வள்ளியாத்தாள் மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, பச்சைச் சாணி கரைத்து ஊர் வாசலெல்லாம் மெழுகிக் கோலம் போட்டாள்.

ஜீப் வந்தது. வெள்ளைக்காரர் இறங்கியதும் வாசலில் குந்தி உட்கார்ந்து தரையை விரலால் தொட்டுப் பார்த்தார். கோலத்தை ரசிக்கிறார் என்று எங்களுக்கு ஒரே பெருமை.

கூட வந்த மிக்கேல்ராஜ் பாலக்காட்டுக்காரர். துரை பேசுவதைத் தமிழில் சொல்வது அவர் வேலை. "இவரு ஊரு பூமியோட வடக்குக் கோடிங்க. பாதி வருஷம் பனிதான். வேற நாட்டுக்காரங்க குடுத்த பணத்துலதான் அங்க ரோடும் பள்ளிக்கூடமும் வந்துச்சாம்" என்றார்.

வெள்ளைக்காரருக்கே இன்னொருவர் தர்மம் கொடுப்பதாவது! மிக்கேல்ராஜுக்கு இங்கிலீஷ் சரியாக வராது போலிருக்கிறது என்று முடிவு கட்டினோம்.

துரைக்குப் பால் இல்லாத கட்டன்சாயா கொடுத்தார் பொங்கியண்ணன். "பாலுக்கு எங்கீங்க போறது? மாடுங்கற பேச்சே இந்த ஊர்ல இல்லீங்க" என்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நன்றாக அவருக்கு அழ வரும் என்று நாங்களே நினைக்கவில்லை.

கடைசியாக ஊர்ப் பொதுக்கிணற்றைக் காட்டினோம். துரை ஒரு கல்லைப் போட்டார். அது காய்ந்த பாறையில் மோதிய சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. அந்தக் கிணற்றில் மட்டும் எங்கள் நடிப்பு எதுவும் இல்லை.

துரை ஏதோ சொன்னார். "கிணறு உங்க ஊருக்குத்தானுங்க" என்றார் மிக்கேல்ராஜ். நாச்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மாடு கன்னு இல்லாததால கைப்பம்ப்பே போதுமுங்கறாரு. இருந்தா டீசல் இஞ்சினும், மாடு குடிக்கத் தொட்டியும் சேத்துக் குடுப்பாங்க."

பொங்கியண்ணன் முகம் தொங்கிவிட்டது. "அப்பறம் பக்கத்தூர்ல எருமையப் பாத்துட்டு வேண்டாம்னாங்களே?"

"அங்க வத்தாத கிணறு ஒண்ணு இருக்குதுங்களே. அதனாலதான்."

டீக்கடைக்காரர் குருசாமி மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தார்.

நாச்சம்மாள் புருஷன் காதருகே போனாள். "ஏனுங்க, நெசத்தைச் சொல்லிப்போடுங்க. வாயில்லாச் சீவனுங்க தண்ணியில்லாமச் செத்துப்போகும்."

"பொய் சொன்னோம்னு தெரிஞ்சா உள்ள பம்ப்பும் போயிரும். சித்த சும்மா இரு" என்று பல்லைக் கடித்தார் பொங்கியண்ணன். ஆனாலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மாடு வாங்கலாம்னு ஊர்ல ஒரு யோசனை இருக்குதுங்க."

"எத்தனை மாடுன்னு கேக்கறாருங்க."

"ஒரு அறுவது உருப்படி."

"எப்ப வாங்குவீங்களாம்?"

"இன்னைக்குப் பொழுதோட."

மிக்கேல்ராஜ் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். துரை பொங்கியண்ணனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மலையைக் கைகாட்டி நீளமாக என்னவோ சொன்னார்.

போச்சு, பம்ப்பும் போச்சு என்று நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

"இஞ்சினும் தர்றாராமுங்க" என்றார் மிக்கேல்ராஜ். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பணம் குடுக்கறவங்க வர்ற அன்னிக்கு, இவங்கப்பாவும் மாடு மாதிரி ஊட்டுல வளக்கற மானையெல்லாம் மலைக்கு அந்தப்பக்கந்தான் ஓட்டி விடுவாராம்!"