வெல்லத் தண்ணீர்

உடும்பஞ்சோலைச் சரிவில் மழை விட்டிருக்கிறது. ஏலச்செடிகளின் அடியில் பூக்களைத் தொடும் காலை வெயில், தேனீப்பெட்டியின் முகப்பில் வழிந்திருக்கும் பழுப்புக் கழிச்சலையும் காட்டுகிறது. பூவுக்குப் போக முடியாத மழை நாளெல்லாம் பூமாரி தீனியாக ஊற்றிய வெல்லத் தண்ணீர் தேனீக்களின் வயிற்றைக் கெடுத்துவிட்டது. சீக்கு மற்றப் பெட்டிகளுக்கும் பரவுமென்று கணவன் வீரபாண்டி இந்தப் பெட்டியின் வாசலை அடைத்துவிட்டு, கொளுத்த மண்ணெண்ணெய் டின்னோடு நிற்கிறான். உள்ளே இரைச்சல் கொதிக்கிறது. பூமாரி குறுக்கே நிற்கிறாள். "மோரு புளிச்சா பானையையா ஒடைப்பீக? கெடுத்தது நாந்தேன். பூவுக்குப் போனா வயிறு தானாத் தேறும்." "தேறலைன்னா?" என்கிறான் அவன். அவள் மிச்சமிருக்கும் வெல்லத் தண்ணீரைச் சிரட்டையோடு தூக்கி, அவனைப் பார்த்தபடியே மடமடவென்று குடிக்கிறாள். "இது இனி நம்ம வயித்துக்கு." வாசலை அடைத்த துணியை உருவி எறிகிறாள். முதல் தேனீ மண்ணெண்ணெய் டின்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏலப்பூவுக்குப் பறக்கிறது.