ஏஸும் நாலும்

கிளாவர் ஏஸ். கூடவே கிளாவர் நாலு.

அவர் இரண்டு சீட்டையும் கவிழ்த்து வைத்தார். மறுபடி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

நாலு நாலாகவே இருந்தது.

ஞாயிறு மத்தியானம். தூத்துக்குடியில், மச்சாதுவின் வீட்டுக் கூடம். மேசையைச் சுற்றி ஆறு நாற்காலி. மூன்று பேர்.

இருபத்தொரு வருஷமாக இந்த மேசையில் போக்கர்தான். காசு கிடையாது, சோழி. கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்த பெர்க்மான்ஸ் ஏதோ ஒரு துறைமுகத்தில் கற்றுக்கொண்டு வந்து, ஒழுங்காக ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கெடுத்துவிட்டார். ஆளுக்கு இரண்டு சீட்டு. பொதுச் சீட்டுகள் மேசையில் திறக்கும் முன்பே துணிந்து சோழியை ஏற்றலாம். இல்லையென்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கலாம். மற்ற எல்லோரும் போட்டுவிட்டால் ஏற்றியவருக்கே ஜெயம்.

அவர் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தவர்.

ஏஸோடு சின்னச் சீட்டு வந்தால், இரண்டும் ஒரே இனமாக இருந்தாலும் போட்டுவிடுவார். ஆறு பேரில் யாராவது ஒருவரிடம் இன்னொரு ஏஸும் அதற்குப் பெரிய துணையும் இருக்கும் என்பது அவர் கணக்கு. ஆழம் தெரியாமல் காலை விடாத மனிதர். ஆழம் தெரிந்த பிறகும் விட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அப்போதெல்லாம் என்ன இரைச்சல்! பெர்க்மான்ஸ் தோற்றால் பாடுவார். ஜெயித்தால் இன்னும் மோசமாகப் பாடுவார். வறுத்த நெத்திலித் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் காலியாகிவிடும்.

எமரன்சி டீச்சர் மட்டும் நிதானமாக ஆடுவாள். கையில் ஒன்றுமில்லாமல் சோழியை ஏற்றும்போது மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொள்வாள். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தே அவளிடம் தோற்றிருக்கிறார்.

பெர்க்மான்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருவர் மகளோடு மெல்போர்னில். இன்னொருவருக்குக் கண் சரியில்லை, ராணிக்கும் ராஜாவுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் அவருக்குப் பசிப்பது போலிருக்கும்.

வியாழக்கிழமை டீச்சரும் போகிறாள். சிங்கப்பூருக்கு, தம்பி வீட்டோடு. திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.

அவருக்கு அவளைப் பிடிக்கும். அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவளுக்கும் ஆகவில்லை. இதைச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். வாய்த்த நேரத்தையெல்லாம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளி வைத்தவர் அவர்தான்.

இனி அடுத்த ஞாயிறு இல்லை.

பெர்க்மான்ஸ் ஒன்று சொல்வதுண்டு. மேசையில் ஆள் குறையக் குறைய, இதே ஏஸும் சின்னச் சீட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். எதிரே இரண்டே பேர் இருக்கும்போதும் இதைப் போடுகிறவன் வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

அவர் பன்னிரண்டு சோழியை நடுவில் தள்ளினார்.

மச்சாது சோழியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தன் சீட்டைப் போட்டார்.

டீச்சர் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தொடவில்லை.

ஆடிவிடு, ஆடிவிடு என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

அவர் இத்தனை ஏற்றினால் ராஜா ஜோடியோ ஏஸ் ஜோடியோ இல்லாமல் இருக்காது என்று சொல்லி, சிரித்துக்கொண்டே அவளும் போட்டுவிட்டாள்.

ஜெயித்துவிட்டார்.

இந்த வெற்றி யாருக்கு வேண்டும்? இருபத்தொரு வருஷம் பத்திரமாக ஆடியதற்குக் கிடைத்த பலன் இது. துணிந்த ஒரே நாளில், அவர் துணிந்தார் என்று நம்ப ஆளில்லை.

எதிராளி போட்டுவிட்டால், ஜெயித்தவர் தன் கைச் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. அந்த மேசையில் யாரும் காட்டுவதில்லை. காட்டினால் அடுத்த வாரம் ஆட்டத்தைப் பிடித்துவிடுவார்கள்.

அவர் இரண்டு சீட்டையும் திருப்பி வைத்தார்.

ஏஸ். நாலு.

வயசாகி மண்டை குழம்பிவிட்டதா என்று மச்சாது கேட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. இந்த மாதிரிச் சீட்டு முன்பும் வந்திருக்குமே என்று கேட்டாள். கணக்கில்லாமல் வந்திருக்கிறது என்றார். எல்லாவற்றையும் போட்டுவிட்டாரா என்றாள். அவர் தலையாட்டினார்.

காது சுட்டது.

"போகாதீங்க டீச்சர்."

மச்சாது சோழி ஒன்றை எடுத்து, ரொம்ப முக்கியமான காரியம் போல அதன் முதுகைத் தேய்த்தார்.

டீச்சர் தான் போட்ட சீட்டுகளை இழுத்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். இஸ்பேட் ஏஸ். இஸ்பேட் ஜாக்கி.

அவருடையதைவிடப் பெரிய கை.

"நீங்க ஒரு நாளும் வாயத் தொறக்கலியே," என்றாள். "நானா எப்படிக் கேக்க?"

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைச் சேர்க்க மச்சாது கை நீட்டினார். திறந்து கிடந்த இருவருடைய சீட்டுகளின் மேலும் அவள் உள்ளங்கையை வைத்தாள்.

"இது கெடக்கட்டும் அண்ணாச்சி."

மச்சாது எழுந்தார். எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி, அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பக்கமே போகாத மனிதர்.